பதினொன்றாம் பத்தியில் மாப்பிள்ளை தரப்பு

இருபது வருடம் செய்தித்தாளில் குப்பை கொட்டியவனிடம் குடும்ப நீதிமன்ற மனுவை எழுதக் கொடுக்கக் கூடாது. கொடுத்தவள் என் தங்கை சுமதி. கேட்டு வாங்கிக்கொண்டவன் நான்.

சுமதிக்கும் அவள் கணவர் ரமேஷுக்கும் ஒத்துவரவில்லை. மகள் தன்யாவோடு கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இடக்கொச்சியில் படகு எஞ்சின் பட்டறை வைத்திருக்கும் ரமேஷ், எட்டு வயது மகள் தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று வக்கீலைப் பிடித்தார். சுமதியும் அதையே கேட்டு மனுப் போட வேண்டும். குழந்தையை விட்டுக்கொடுக்க நேர்ந்தால் அவள் தாங்கமாட்டாள். (அந்தக் கவலையிலும் மனுவின் முதல் வரியை மனதுக்குள் செதுக்கிக்கொண்டிருந்தேன்.)

சுள்ளிக்கல்லில் இருக்கும் வக்கீல் ஷீபா எங்களுக்குப் பழக்கம். சாயா குடித்தபடியே மலையாளம் கலந்த தமிழில் விதிகளைச் சொன்னார்.

"ஒரு பத்தியில ஒரு சம்பவம், சேட்டா. தேதி வேணம். வர்ணனை வேண்டா. சாட்சியெல்லாம் பின்னெ மதி, இப்ப வேண்டா."

"தினமும் இதைத்தானே செய்யறேன், மேடம்."

"அப்போ எழுதிட்டு எனக்கு ஒண்ணு காட்டணும், கேட்டோ."

காட்டவில்லை. ஊரார் எழுதியதைத் திருத்துகிறவன் நான். என்னைத் திருத்த ஒருவரா?

பத்துப் பத்திகள் மளமளவென்று வந்தன. பதினொன்றில் கை நின்றது. ஒருவர்மேல் புகார் எழுதினால் அவரிடமும் விளக்கம் கேட்டுப் போட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. ரமேஷுக்கு போன் செய்தேன்.

"மாப்பிள்ளை, உங்களைப் பத்தி மனு எழுதிட்டிருக்கேன். உங்க தரப்பு என்ன?"

"நெசமாத்தான் கேக்கறீங்களா மச்சான்?"

நிறையப் பேசினார். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் பட்டறை திறக்காதது, மீனில் முள் எடுத்து ஊட்டுவது. அவர் பக்கத்து வீட்டிலும் விசாரித்தேன். எல்லாம் உண்மை. சேர்த்துவிட்டேன்.

"படிக்கணுமாண்ணே?" என்றாள் சுமதி.

"நான் சரிபார்த்தாச்சு. போடு."

மேலே கண்டவை யாவும் உண்மை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். நானே கொண்டுபோய் நீதிமன்றத்தில் கொடுத்தேன்.

விசாரணை நாளில் ரமேஷின் வக்கீல் எழுந்து, மனுதாரரின் பதினொன்றாம் பத்தியை முழுமனதாக ஏற்பதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவு சுருக்கமாக வாதாடிய வக்கீலை நான் பார்த்ததில்லை.

நீதிபதி அதை இரண்டு முறை படித்துவிட்டு, இது உண்மையா என்று சுமதியைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மனுவை வாங்கி அப்போதுதான் முதல்முறையாகப் படித்தாள். எழுதியது அண்ணன், ஆனால் பொய் இல்லை, முள் எடுக்கிற பொறுமை எனக்குக் கிடையாது என்று மலையாளத்தில் சொன்னாள். (கேட்காததையும் சேர்த்துச் சொல்வது எங்கள் குடும்ப வழக்கம்.)

நீதிபதி இருவரையும் ஆலோசகரிடம் அனுப்பினார். மூன்று அமர்வுகளில் முடிவானது: தன்யா அம்மாவோடு இருப்பாள், ஞாயிறு மட்டும் இடக்கொச்சி. சுமதிக்குக் குழந்தை கிடைத்தது, ஞாயிற்றுக்கிழமை போனது. அது என் கைங்கரியம் என்பதில் அவளுக்கு இன்றுவரை சந்தேகமில்லை.

ஞாயிறு காலை மகளைக் கூட்டிப்போக வரும் ரமேஷ், வாசலில் நின்றே, "நம்ம வக்கீல் எழுந்தாச்சா?" என்று குரல் கொடுப்பார். "உங்காளுதானே, நீங்களே எழுப்பிக்கோங்க" என்பாள் சுமதி.

போன வாரம் குழம்பில் உப்பு அதிகம் என்று சொல்லிவிட்டேன். தன்யா தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"மாமா, அம்மா தரப்பு கேட்டீங்களா?"