ரிட்டன் மாமா

மைக் பிடிக்கத் தெரிந்தவனுக்கெல்லாம் வாய் கட்டுப்படும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் எங்கள் ஊர்த் திருவிழாவில் நான்கு வருடம் மைக் பிடித்தவன். "காணாமல் போன குழந்தை மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது" என்று நான் சொன்னால் அந்தக் குழந்தையே அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்கும் (இது நானே பரப்பிவிட்ட செய்தி). அந்த வாய்தான் ஐந்து வருடத்துக்கு முன், அக்காவைக் கட்டிக்கொடுத்த செலியமேட்டில் என் மானத்தை வாங்கியது.

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு ஒட்டினாற்போல் பேர் வைப்பார்கள். அக்கா செல்வராணி, அண்ணன் செல்வமணி, நான் செல்வகுமார். கூப்பிடுவது மூன்று பேரையுமே செல்வா. அம்மா "செல்வா, சாப்பிட வா" என்றால் மூன்று பேரும் ஓடுவோம். "செல்வா, கடைக்குப் போ" என்றால் ஒருவரும் அசையமாட்டோம். அக்காவும் அதே ரத்தம்தானே! மூத்த மகளுக்கு யாழினி என்று வைத்தவள், இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்ததும் அதற்குப் பொருத்தமாக ஒன்றைத் தேடச் சொல்லி என்னிடம் விட்டாள். நான் யாழிசை என்றேன். பேர் வைக்கிற நாள் வரை அது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

விழா அன்று காலை யாழினி என்னைத் தனியாக இழுத்துப் போனாள். அவளுக்கு ஐந்து வயது.

"மாமா, என் தொட்டில பாப்பாக்குக் குடுத்துட்டாங்க. என் சின்ன சட்ட, கொசுவல எல்லாம் குடுத்துட்டாங்க. எம்பேரையும் குடுத்துடுவாங்களா?"

"சேச்சே! மாமா இருக்கேன்ல? உம்பேர ஒருத்தன் தொட முடியுமா?" என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் நாக்கில் தாய்மாமன் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, காதில் மூன்று முறை பேர் சொல்ல வேண்டும். அக்கா வீட்டுக்காரர் மைக்செட் வேறு வைத்திருந்தார். "உனுக்குத்தான் மைக்குன்னா உசுராச்சே, எல்லாரும் கேக்கறாப்ல சொல்லு" என்று மைக்கைக் கையில் கொடுத்தார். நான் முன்னேற்பாட்டுக்காரன். பேனாவால் உள்ளங்கையில் பேரை எழுதி வைத்திருந்தேன். பந்தலில் நுழைந்ததுமே யாரோ அந்தக் கையில் சந்தனத்தை அப்பியதையும், நான் அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியதையும் மட்டும் மறந்துவிட்டேன்.

தொட்டிலுக்குக் குனிந்து கையைப் பார்த்தால் வெறும் மஞ்சள் கறை! தலைக்குள்ளும் ஒன்றும் இல்லை. கூட்டம் காத்திருந்தது. மைக் பிடித்தவன் சும்மா நிற்கலாமா? ஐந்து வருடமாக அந்த வீட்டில் பழகிய நாக்கு தானாகவே புரண்டது.

"யாழினி! யாழினி! யாழினி!"

நடுவில் அக்கா இரண்டு கையையும் வீசிக்கொண்டிருந்தாள். பாராட்டுகிறாள் என்று நினைத்துக் கடைசி யாழினியை இன்னும் கணீரென்று சொன்னேன்.

"அட பாவி! இன்னாடா சொல்லித் தொலச்ச?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டபோதுதான் உறைத்தது. அக்காவின் மாமனார் எழுந்து நின்று தீர்ப்பு வேறு சொன்னார்: "மூணு வாட்டி சொல்லியாச்சி. காதுல வுழுந்த பேர மாத்தக்கூடாது. பெரிய யாழினி, சின்ன யாழினின்னு கூப்ட்டுக்கலாம் வுடுங்க."

பந்தலே சிரித்தது. நான் யாழினியைத் தேடினேன், காணவில்லை. கடைசியில் சமையல் செய்த இடத்தில், கவிழ்த்து வைத்த அண்டாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"எல்லாம் குடுத்தேன். பேரு ஒண்ணுதான் வெச்சிருந்தேன். அதையும் நீயே குடுத்துட்ட."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முன்னால் அப்படியே உட்கார்ந்தேன். "மாமா முட்டாளு, கண்ணு. திருப்பி வாங்கிடலாம், வா."

"எப்பிடி?"

எனக்கும் தெரியவில்லை. அவள்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "காதுலதான குடுத்த? காதுலயே கேட்டுப் பாக்கறேன். அதுக்கு இன்னா பேரு வெச்சிருந்த?"

பதற்றம் போனதும் பேர் தானாக ஞாபகம் வந்தது. சொன்னேன். அவள் நேராகத் தொட்டிலுக்குப் போய்க் குனிந்தாள். நான் அங்கேயே போட்டுவிட்டு வந்திருந்த மைக் அணைக்கப்படாமல் கிடந்ததால் தெருக்கோடி வரை கேட்டது.

"பாப்பா, அது எம்பேரு. மாமா தெரியாம குடுத்துட்டாரு. தொட்டிலு நீயே வெச்சிக்கோ, பேர மட்டும் குடுத்துடு. உன்னுது யாழிசை. யாழிசை. யாழிசை. நான் யாழு, நீ இசை. சரியா?"

குழந்தை ஒரு தும்மல் போட்டது.

"குடுத்துட்டா!" என்று யாழினி கத்தினாள்.

இதற்கு மாமனாராலும் மறுப்புச் சொல்ல முடியவில்லை. "வாங்கனவளே திருப்பிக் குடுத்துட்டா, நாம யாரு கேக்க?" என்று உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து அக்கா வீட்டில் செல்வகுமார் என்று ஒருவன் கிடையாது. கொடுத்த பேர் ரிட்டன் ஆனதால் ரிட்டன் மாமாதான். தொலைபேசியில்கூட "ரிட்டன், எப்ப வர்ற?" என்றுதான் அக்கா கேட்கிறாள். இசைக்கு இப்போது ஐந்து வயது. முதலில் ஒரு மணி நேரம் தனக்கு அக்கா பேர் இருந்தது என்பதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

போன மாதம் என் மகளுக்குப் பேர் வைத்தோம். என் மச்சினன்தான் சொல்ல வேண்டும், எனக்கு வேலையே இல்லை. இருந்தும் வாசலிலேயே யாழினி என்னை மடக்கினாள்.

"கையக் காட்டு மாமா."

இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இசையைக் கூப்பிட்டாள். மச்சினன் தொட்டிலுக்குக் குனிந்தபோது அக்காவும் தங்கையுமாக என்னை உட்கார வைத்து, இரண்டு பக்கமும் நின்று என் வாயைப் பொத்திக்கொண்டார்கள். யாழ்மொழி என்று அவன் மூன்று முறை சொல்லி முடிக்கும் வரை கையை எடுக்கவில்லை.