நிக்கல் தகடும் றேணுகாவின் கலியாணமும்

கொட்டாஞ்சேனை,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் அவர்கட்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம். மெல்போனில் தங்கள் முழங்காலும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். போனில் நான் மூச்செடுக்கிற நேரம் பார்த்துத் தாங்கள் வெட்டிவிடுவதால் எழுதுகிறேன். தங்கள் தங்கை கொன்ஸ்ரன்ஸுக்கு ஒரு வார்த்தை சொல்லி, எங்கள் மகள் றேணுகாவை அந்த ஜொனாதனுக்குக் கொடுக்கிற கதையை நிற்பாட்டுங்கோ.

பெடியனுக்கு இரத்மலானையில் என் பட்டறையில்தான் வேலை. ஒரு தொழிற்சாலைக்காரர் உலை வாய்க்கு மூடி செய்யச் சொல்லி, ஒன்றிரண்டு பிழையாய்ப் போனாலும் இருக்கட்டுமென்று மூன்று நிக்கல் கலப்புத் தகடு தந்தார்கள். எந்தச் சூட்டையும் தாங்குமாம். நானும் சும்மா இராமல், "தம்பி, இதை வெடிக்காமல் வளைச்சுக் காட்டும், பிறகு கலியாணம் கதைப்பம்" என்றேன். முதல் தகட்டை நானே மெஷினில் வளைத்தேன், அப்பளம் மாதிரி டப்பென்று இரண்டாய் உடைந்தது. அவன் சிரிக்கிறான், மச்சான்! "அங்கிள், உருட்டித் தட்டையாக்கினதில இது இறுகிப்போச்சு. ஆயிரம் டிகிரிக்கு மேல சூடாக்கி, சட்டெண்டு ஆறவிட்டா இளகிடும்." சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் இரும்பு இறுகுமென்று எனக்குத் தெரியாதா? "இது இரும்பில்லை அங்கிள்" என்று எனக்கே பாடம்.

இதற்குள் சோற்றுப் பார்சலோடு வந்த தங்கள் தங்கை, புதுக் கதிரையைக் கண்டாலும் சிலுவை போடுகிறவ, இரண்டாவது தகட்டின் நடுவில் ஆசீர்வதித்த எண்ணெயால் பெரிசாய் ஒரு சிலுவை போட்டுவிட்டா. ஒருத்தருக்கும் சொல்லவில்லை. தகடு உலைக்குப் போனது, சிவந்தது, ஆறியது, வளைத்தோம், சிலுவைக் கோட்டிலேயே வெடித்தது! அதற்குப் பிறகுதான் அவ எண்ணெய்க் கதையைச் சொன்னா. அந்தோனியார் இதைவிட என்னத்தைச் சொல்லவேணும்? ஜொனாதன் தலையில் கை வைத்துக்கொண்டு, "அன்ரி, துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் சூட்டில உள்ளுக்க இறங்கித் தகட்டைக் கெடுத்துப்போடும்" என்கிறான். அவ அழுகிறா, றேணுகா முறைக்கிறாள், வீட்டில் தேத்தண்ணிகூடக் கெஞ்சித்தான் வாங்கவேண்டிக் கிடக்கு. மிச்சம் ஒரே தகடு. அதுவும் வெடிக்கும், பாருங்கோ.

மச்சாளையும் பிள்ளைகளையும் தேவதாய் தம் கையணைப்பில் வைத்திருப்பாராக.

மனம் நொந்த,
ஹெக்டர்

பி.கு: முத்திரை ஒட்டுமுன் பட்டறைக்குப் போனேன். பெடியன் மூன்றாவது தகட்டைத் துடைத்துக் கழுவி, சூடாக்கி, ஆற்றி, வளைத்தும் முடித்துவிட்டான். ஒரு கீறல் இல்லை, மச்சான், ஒரு கீறல் இல்லை! துள்ளிக் குதித்து அவனைக் கட்டிப்பிடித்தேன், பிறகு அழுதுவிட்டேன். தகட்டில் எனக்கென்ன கோபம்? றேணுகா போய்விட்டால் வீட்டில் என்னோடு சண்டை பிடிக்க யார் இருக்கினம்? அதை அவனிடமே சொல்லிவிட்டேன். அவன் திகைத்துப்போய், "அங்கிள், நாங்க உங்கட மாடியிலதானே இருக்கப்போறம்! றேணுகா முதல் நாளே சொல்லிட்டா. உங்களுக்குத் தெரியாதா?" என்றான். தெரியாது. நான் எங்கே அவர்களைக் கதைக்க விட்டேன்! மேலே எழுதினதைக் கிழித்துப்போட்டு டிக்கெட் எடுங்கோ, தை மாதம் கலியாணம்.