குலுக்கலுக்கு யார் பொறுப்பு?

காரின் கோளாறுக்குக் காரணம் மனைவிதான் என்று ஊரறிய நிரூபித்துவிடுவது என, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கும்போதே செருப்புக்கடைக்காரர் முடிவு செய்தார். வாயில் நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை.

கார் பழையது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வகை, கிளட்ச் கிடையாது. ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டிக் களைத்துப்போன வண்டிதான். ஆனால் இவருக்கு அதன்மேல் புது மாப்பிள்ளையின் மோகம். வாரத்தில் பெரும்பாலான நாட்கள் இவர் கடைக்கு எடுத்துப்போவார். மீதி நாட்களில், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் மனைவி எடுத்துப்போவாள். அந்த நாட்களில் இவருக்குச் சோறு இறங்காது.

கொஞ்ச காலமாகக் காருக்கு ஒரு வியாதி. வேகம் பிடித்து மேல் கியருக்குப் போனதும் உடம்பைச் சிலிர்த்துக்கொள்ளும். எஞ்சின் ஊளையிடும். பிறகு 'தொப்'பென்று ஒரு குலுக்கல்.

"உன் கை பட்டுத்தான் கியர்பாக்ஸ் கெட்டுப்போச்சு" என்று சமையலறை வாசலில் நின்று ஆரம்பித்தார்.

"என்கிட்ட ஒரு நாளும் குலுங்கலையே."

"குலுங்கியிருக்கும். உனக்குத் தெரிஞ்சிருக்காது. அதுக்கெல்லாம் ஒரு நுண்ணுணர்வு வேணும்."

"வார்டு முழுக்க நாடி பிடிச்சுப் பார்க்கிறேன். எனக்கா அது இல்லை?"

"நாடி வேற, கியர் வேற. நல்லா கேட்டுக்கோ. இன்னிக்கு மெக்கானிக்கிட்ட போறோம். கோளாறு யாரால வந்ததோ, அவங்க இனிமே ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. சாவி அடுத்தவங்க கையில."

அவள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்து நாலைந்து சூடான பதில்களைத் தயாராக வைத்திருந்தார். அவளோ வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், "சரி. ஆனா மெக்கானிக் முன்னாடியும் இதையே சொல்லணும்" என்றாள்.

"ஒரு தடவை என்ன, மூணு தடவை சொல்றேன்!"

தயாரித்த பதில்கள் வீணாய்ப் போனதில் அவருக்குச் சற்று வருத்தம்.

மெக்கானிக் இந்தக் காரிடம் ஏற்கெனவே தோற்றவர். கியர் ஆயிலை மாற்றிப் பார்த்தார். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை என்று அது சொல்லிவிட்டது. அவரே ஓட்டிப் பார்த்தால் கார் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு போகிறது.

"டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் ஓடிடுது சார். கியர்பாக்ஸை இறக்கிப் பிரிச்சுடலாமா?"

"பிரிங்க! பிரிச்சாத்தான் உண்மை வெளியே வரும்" என்றவர், தன் சபதத்தை எடுத்துவிட்டார். மூன்றாம் முறை சொன்னபோது, பஞ்சர் ஒட்ட வந்தவர்களும் வேலையை விட்டுவிட்டு நின்று கேட்டார்கள்.

"அறுக்கிறதுக்கு முன்னாடி, எப்போ வலிக்குதுன்னு ஒரு தடவை பார்த்துடலாமே" என்றாள் மனைவி. "நீங்களே ஓட்டுங்க. நாங்க கூட உட்கார்ந்துக்கிறோம்."

கடைக்காரர் ஸ்டியரிங்கில். பக்கத்தில் மெக்கானிக். பின்னால் மனைவி. வெறிச்சோடிய சாலையில் வேகம் பிடித்ததும் கார் சிலிர்த்தது, ஊளையிட்டது, குலுங்கியது.

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" வியாதிக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட சொந்தக்காரரை மெக்கானிக் பார்த்ததே இல்லை.

"என்னங்க, ஓரமா நிறுத்துங்க. இடது காலை மடிச்சு சீட்டு மேல வைங்க. அப்படியே ஓட்டுங்க."

"காலை மடிச்சுக்கிட்டு யாராவது கார் ஓட்டுவாங்களா?"

"இந்தக் காருக்கு வலது கால் போதும். வைங்க."

பாதிச் சம்மணத்தில் கிளம்பினார். கார் முனகவில்லை. சாலை முடியும்வரை சமர்த்தாகப் போனது.

"இப்போ இறக்குங்க."

தொப்!

"மடிங்க."

நிசப்தம்.

"இறக்குங்க."

தொப்!

மெக்கானிக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது சிரிப்பை அடக்கியதில் முகம் சிவந்திருந்தது.

"சார், உங்க இடது கால் பிரேக் மேல குடியிருக்கு. லேசாப் பட்டாலே போதும், நிக்கப்போறீங்கன்னு நினைச்சு கியர்பாக்ஸ் பிடியை விட்டுடும். காலை எடுத்தா திரும்பப் பிடிக்கும். அதான் குலுங்குது."

பல வருஷம் கடை வேனில் கிளட்ச் மிதித்த கால். புது இடத்தில் வேலை இல்லையென்றதும், கண்ணில் பட்ட பெடலில் தானாகவே போய்ச் சேர்ந்துகொண்டது. தேய்ந்த குதிகாலைப் பார்த்தே ஆளின் குணத்தைச் சொல்லிவிடும் மனிதர், தன் காலை மட்டும் குனிந்து பார்த்ததில்லை.

"கால் பண்ணின தப்புக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்று முறையிட்டார்.

"அதுவும் உங்க கூடத்தானே வீட்டுக்கு வருது?" என்று கையை நீட்டினாள் மனைவி. அவர் மெக்கானிக்கைப் பார்த்தார்.

"மூணு தடவை சொன்னீங்க சார்."

சாவி கைமாறியது.

திரும்பும்போது அவள் ஓட்டினாள். கார் ஒரு முறைகூடக் குலுங்கவில்லை. அந்த நன்றிகெட்டதனம்தான் அவருக்குத் தாங்கவில்லை. ஆனாலும் ஜன்னலோரம் சுகமாகத்தான் இருந்தது. இவ்வளவு நாள் ஓட்டிப்போன சாலையில் இத்தனை மரங்கள் இருப்பதே இன்றுதான் தெரிந்தது. முழங்கையை வெளியே விட்டுச் சாய்ந்துகொண்டார்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"காலையில நீங்க கிளம்புறப்போ ஜன்னல்ல நின்னு பார்ப்பேன்ல? தெருமுனை வரைக்கும் பின்னாடி சிவப்பு பிரேக் லைட் கண் சிமிட்டிக்கிட்டே போகும்."

அது அன்பினால் நிற்பது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"அப்போ அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"அன்னிக்கு நீங்க சபதம் எதுவும் பண்ணலையே."

சந்திலிருந்து ஒரு சைக்கிள் திடீரென்று குறுக்கே வந்தது. அவள் பதறாமல் வேகத்தைக் குறைத்தாள். அவருடைய இடது கால் மட்டும் கீழே விரித்திருந்த கால்மிதியை ஓங்கி மிதித்தது.

"நல்லா அழுத்துங்க" என்றாள் சாலையைப் பார்த்தபடியே. "அந்தப் பக்கம் ஒண்ணும் கெட்டுப்போகாது."