முதல் பக்கம் கடைசியாகப் போன பரீட்சை

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். அவருடைய வலது முழங்காலும் என்னுடைய மூக்குக்கண்ணாடியும் மட்டும் நலமில்லை. இரண்டையும் ஒரே நாளில் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று மூன்று வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பையனும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பாவிட்டால் கடிதத்தை மேற்கொண்டு எழுத முடியாதே.

எட்டு மாதத்துக்கு முன்னால் நீ போனில் ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா? "அக்கா, வீட்ல கேட்டா எல்லாம் சொல்றான். பரீட்சைத் தாளைக் கையில வாங்கினா மட்டும் ஏன் இப்படிக் கல்லா உட்கார்ந்துடறான்?" என்றாய். நான் யோசிக்கவே இல்லை. பயிற்சி போதாது, தினம் இருபது கணக்குப் போடச் சொல் என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் ஒன்றும் இல்லை. பதில் தெரியாத கேள்வி வந்ததும் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்திருப்பார்களே, அது மாதிரிதான். முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் தெரியாது என்று எப்படிச் சொல்வது? இப்போது தெரிந்துவிட்டது. அதனால்தான் போன் செய்யாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் என்றால் நீ நடுவில் பேசுவாய்.

அந்தப் போனுக்கு அடுத்த வாரமே எங்கள் பழைய பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை வீட்டுக்கு வந்தார். ஏழாம் வகுப்புக் கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போகிறார், இந்த ஒரு வருடம் நீங்கள் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். நான் மூட்டு, முதுகு, வயது என்று மூன்று காரணம் சொல்வதற்குள் உன் அத்தான், "கூட்டிட்டுப் போங்க. வீட்ல திருத்துறதுக்கு என்னை விட்டா வேற ஆள் இல்லாம கஷ்டப்படறா" என்று சொல்லிவிட்டார். போனேன். முப்பத்திரண்டு பிள்ளைகள். அதில் ஒரு பெண்ணை எல்லாரும் அணில் என்று கூப்பிடுவார்கள், பேனா மூடியைக் கொறித்துக்கொண்டே இருப்பதால். கரும்பலகைக்குக் கூப்பிட்டால் போதும், பின்னமோ விகிதமோ, நான் கேள்வியை முடிப்பதற்குள் விடையைப் போட்டுவிட்டு நிற்பாள். பரீட்சை என்று தாளைக் கொடுத்தால் பெயரை எழுதுவாள், தேதியை எழுதுவாள், இரண்டுக்கும் அடியில் அழகாகக் கோடு போடுவாள், அவ்வளவுதான். முதல் பரீட்சையில் அந்தக் கோடு மட்டும்தான் எனக்குத் திருத்தக் கிடைத்தது. இரண்டாவதிலும் அதே கோடு. தலைமை ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: மூன்றாவது பரீட்சையில் முப்பத்தைந்து மார்க் வராவிட்டால் அடுத்த வருடமும் அவள் ஏழாம் வகுப்பில்தான். பஸ் ஓட்டுகிற அவளுடைய அப்பா சீருடையோடு வந்து வாசலில் நின்றார். "வீட்ல நல்லாத்தான் போடறா டீச்சர். கூடப் படிக்கிறதெல்லாம் மேல போயி இவ மட்டும் இங்கயே இருந்தா, அப்புறம் பள்ளிக்கூடம் பக்கமே வர மாட்டா" என்றார். அடுத்த நடைக்கு நேரமாகிவிட்டது என்று உடனே போய்விட்டார்.

சரி, பயத்தைப் போக்கிவிடுவோம் என்று இறங்கினேன். மூச்சுப் பயிற்சி நல்லது என்று எங்கேயோ படித்திருந்தேன். நாலு எண்ணும்வரை மூச்சை இழுங்கள், நாலு எண்ணும்வரை வைத்திருங்கள், நாலு எண்ணும்வரை விடுங்கள் என்றேன். முப்பத்திரண்டு பேர் ஒன்றாக மூச்சை விட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு அறிவியல் டீச்சர் எங்கோ குழாய் உடைந்துவிட்டது என்று ஓடிவந்தார். கடைசி பெஞ்சில் யார் அதிக நேரம் மூச்சை அடக்குவது என்று போட்டி தொடங்கி, ஜெயித்தவன் பெஞ்சிலிருந்து சரிந்து கீழே உட்கார்ந்திருந்தான். அதை விட்டேன். பெயரில்தான் பயம் இருக்கிறது, பெயரை மாற்றுவோம் என்று, அடுத்த வாரம், "இது பரீட்சை இல்ல, சும்மா ஒரு தாள்" என்றேன். ஒருத்தி எழுந்து, "சும்மான்னா மார்க் உண்டா டீச்சர்?" என்று கேட்டாள். உண்டு என்றேன். "அப்ப ஏன் டீச்சர் சும்மாங்கறீங்க?" என்றாள். அந்தப் பெயரையும் விட்டேன். பிறகு, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பதறுகிறார்கள் என்று தோன்றி, சுவர்க் கடிகாரத்தின்மேல் என் கைக்குட்டையைப் போட்டு மூடினேன். எல்லாரும் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்க, நானே முக்கால் மணி நேரம் கடிகாரமாக வேலை பார்த்தேன்.

அதற்கும் அடுத்த வாரம், மனதில் இருக்கிற பயத்தை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள், பயம் பெட்டியோடு போய்விடும் என்றேன். இது கொஞ்சம் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவன் பென்சில் முனை உடைந்துவிடுமோ என்று எழுதியிருந்தான், அவனுக்கு இரண்டாவது பென்சில் கொடுத்ததும் பயம் தீர்ந்தது. ஒருத்தி, பக்கத்தில் இருப்பவள் சீக்கிரம் தாளைத் திருப்புகிறாள் என்று எழுதியிருந்தாள். இடத்தை மாற்றினேன். ஒருவன் "எங்கப்பா" என்று மட்டும் எழுதியிருந்தான். அதற்கு என்னிடம் மருந்து இல்லை, சாயங்காலம் அவன் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசினேன். அணிலின் சீட்டைப் பிரித்தேன். பெயர், தேதி, அடியில் ஒரு கோடு.

இப்படியே மூன்றாவது பரீட்சை வந்துவிட்டது. என்னுடைய கேள்வித்தாள் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், நீயே எழுதி அழுதிருக்கிறாய். முப்பத்தொரு வருடமாக எனக்கு ஒரு கொள்கை: தாளிலேயே கடினமான கணக்கு முதலில் வர வேண்டும். காலையில் மூளை புதிதாக இருக்கும்போதே பாறையை நகர்த்திவிட்டால் மீதி எல்லாம் கூழாங்கல். ஆகவே முதல் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒரு குழாய் நிரப்பும், இன்னொரு குழாய் காலி செய்யும், தொட்டி எப்போது நிறையும் என்று கேட்டிருந்தேன். மூன்றாம் பக்கத்தில் முக்கோணத்துக்கு எத்தனை பக்கம் என்கிற மாதிரிச் சின்னக் கேள்விகள். மூன்று பக்கத்தையும் போட்டோகாப்பிக் கடையில் கொடுத்து, முப்பத்திரண்டு பிரதி எடுத்துப் பின் அடித்து வைக்கச் சொன்னேன். காலையில் வாங்கிக்கொண்டு நேரே வகுப்புக்குப் போய், தாளைக் கொடுத்து முடித்த பிறகுதான் பார்க்கிறேன், மேலே முக்கோணம் இருக்கிறது. மூன்றாம் பக்கம் முதலில், முதல் பக்கம் கடைசியில். முப்பத்திரண்டும் அப்படியே.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. விளையாட்டு வாத்தியாரைக் கூப்பிட்டு வகுப்பில் உட்கார வைத்து, யாரும் எழுத வேண்டாம், சரியான தாளோடு ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைக்கு நடந்தேன். கடைக்காரர் நிதானமாக என் மூலப் பிரதியை எடுத்து மேசைமேல் பரப்பினார். "எது மேல, எது கீழன்னு எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்? நீங்க பக்க நம்பர் போடலையே" என்றார். பார்த்தேன். போடவில்லை. பக்க எண் போடாத பிள்ளைகளுக்கு அரை மார்க் வெட்டுகிறவள் நான். அவருக்கும் அது தெரியும், அவரும் என் பழைய மாணவர்தான். அவர் முகத்தில் அந்த அரை மார்க் அப்படியே எழுதியிருந்தது. மறுபடியும் அடித்துக் கொடுங்கள் என்றேன். இயந்திரம் ஆறாவது பிரதியில் தாளை உள்ளே இழுத்துச் சுருட்டிக்கொண்டது. அதை எடுக்க ஒரு கதவைத் திறந்தார், அதற்குள் இன்னொரு கதவு, அதற்குள் ஒரு உருளை. நான் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து, வியர்க்க விறுவிறுக்க முப்பத்திரண்டு சரியான தாள்களோடு வகுப்புக்குள் நுழைந்தால், பரீட்சை முடிந்துவிட்டது. விளையாட்டு வாத்தியார் யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கதவோரம் உட்கார்ந்து, கைப்பந்து வலையின் அறுந்த கண்ணிகளை முடிந்துகொண்டிருந்தார். "சும்மா இருக்கிறதுக்கு எழுதட்டுமேன்னு விட்டுட்டேன் டீச்சர்" என்றார்.

அன்று சாயங்காலம் திருத்த உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு பேரில் ஒருவருடையதுகூட வெற்றுத்தாள் இல்லை. அணிலின் தாள் கடைசியில் இருந்தது. வேண்டுமென்றேதான் கடைசியில் வைத்தேன். எடுத்தால் பெயர், தேதி, கோடு, அதற்குக் கீழே கணக்கு, அதற்குக் கீழே இன்னொரு கணக்கு, நாலு பக்கத்துக்கு. எழுபத்திரண்டு மார்க். இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, என்மேலேயே நம்பிக்கை இல்லாமல் உன் அத்தானிடம் கொடுத்து மூன்றாவது தடவை கூட்டச் சொன்னேன். அவர் எழுபத்தொன்று என்றார். சண்டை போட்டு, நாலாவது தடவை கூட்டி, எழுபத்திரண்டுதான் என்று தீர்ந்தது. மறுநாள் தலைமை ஆசிரியை தாளைத் திருப்பிப் பார்த்து, எட்டாம் வகுப்புப் பட்டியலில் அவள் பெயரை என் கண் முன்னாலேயே எழுதினார். அவளுடைய அப்பா பஸ்ஸைப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே நிறுத்தி, இறங்கி ஓடிவந்து விசாரித்துவிட்டு ஓடினார். பயணிகள் எல்லாம் ஜன்னல் வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே, தங்கையே, உன் கேள்விக்குப் பதில் இதுதான். முதல் கேள்வி சுலபமாக இருக்க வேண்டும். பாறையை வாசலில் வைத்தால் யார் உள்ளே வருவார்கள்? இதை ஆசிரியர் அறையில் அரை மணி நேரம் விளக்கினேன். தலைமை ஆசிரியை, இதை மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் நீங்கள் வந்து சொல்ல வேண்டும் என்றார். ஒரு தாளில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன், பக்க எண்ணோடு. நீயும் பையனுக்கு இனிமேல் சுலபமான கணக்கை முதலில் கொடு. எல்லாம் சரியாகிவிடும்.

மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல். பையனுக்கு என் ஆசி ஆயிரம். அதில் பாதியைப் பரீட்சை நாளுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு இன்று பள்ளிக்கூடத்துக்குப் போனேன், வழியில் தபாலில் சேர்க்கலாம் என்று. இடைவேளையில் அணில் வந்தாள். முதல் கேள்வி சுலபமாக இருந்ததும் தைரியம் வந்துவிட்டது, இல்லையா என்று பெருமையாகக் கேட்டேன். "நான் எப்பவும் கடைசிப் பக்கத்துலேருந்துதான் டீச்சர் பார்ப்பேன்" என்றாள். நான் அவள் தாளை எடுத்துப் பார்த்தேன். முதல் விடையே தண்ணீர்த் தொட்டி. பாறையைத்தான் முதலில் நகர்த்தியிருக்கிறாள், பத்துக்குப் பத்து. திருத்தியவள் நான், கண்ணில் படவில்லை. அப்படியென்றால் முந்தின இரண்டு தடவையும் சுலபமான பக்கத்தை முதலில் பார்த்துத்தான் வெற்றுத்தாள் கொடுத்திருக்கிறாள். பிறகு இந்தத் தடவை எப்படியம்மா எழுதினாய் என்றேன். பேனா மூடியைக் கொஞ்ச நேரம் கடித்தாள்.

"நீங்க இல்லையே டீச்சர்."

நான் கேட்பதற்குள் அவளேதான் சொன்னாள். "போர்டுல போடும்போது உங்க முகம் தெரியும். சரியா தப்பான்னு தெரிஞ்சுடும். பரீட்சையில பின்னாடி வந்து நின்னு 'ம்'னு சொல்வீங்க. அது சரின்னு 'ம்'மா, தப்புன்னு 'ம்'மான்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன். மணி அடிச்சுடும்."

பாவம், பயந்த பிள்ளையாயிற்றே, பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும் என்று ஒவ்வொரு பரீட்சையிலும் அவள் பின்னால்தான் அதிக நேரம் நின்றிருக்கிறேன். தைரியமாக எழுது என்பதற்குத்தான் அந்த 'ம்'. அது அப்பாவிடமிருந்து நம் இரண்டு பேருக்கும் வந்தது. நீயும் போனில் வார்த்தைக்கு வார்த்தை அதைத்தான் சொல்கிறாய். உன் பையனும் வீட்டில் அந்த 'ம்'மைக் கேட்டுக் கேட்டே பதில் சொல்லிப் பழகியிருப்பான். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கை வலிக்க எழுதியது, மனம் வரவில்லை. நீ கோடு போட்டு அடித்துவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள். நாளைக்குப் பையனிடம் ஐந்து கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய் உட்கார். அவனாகக் கூப்பிடும்வரை வராதே.