எத்தியோப்பியப் பருப்பும் லோகேஸ்வரியின் ஓய்வு நாளும்

பெண் விடுதலை எந்த நாட்டில் தொடங்கியது என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பாவம், வீண் சிரமம். அது பினாங்கின் கெலுகோரில், எங்கள் அடுக்குமாடியின் ஏழாவது மாடியில், குகன் வீட்டுச் சமையலறையில் தொடங்கியது. சாட்சி நான். செயலாளரும் நானே.

எங்கள் 'ஆண்கள் சமையல் எழுச்சிக் குழு'வில் மூன்று பேர். தலைவர் குகன், பொருளாளர் லாரன்ஸ், அப்புறம் நான். சமைக்கத் தெரியாதது உறுப்பினராவதற்குத் தடையல்ல என்று முதல் கூட்டத்திலேயே பெருந்தன்மையோடு முடிவு செய்தோம். அடுத்த தீர்மானம், சனிக்கிழமைதோறும் மனைவிமாருக்கு முழு 'ஓய்வு'. அடுப்புப் பக்கம் அவர்கள் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது.

இதைக் கேட்டு ரொம்பவே மகிழ்ந்தவர் குகனின் மனைவி லோகேஸ்வரி. பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வருடக்கணக்காக உற்பத்தி லைனில் நிற்பவர். சூப்பர்வைசர் வேலைக்கான நேர்காணல் அந்த முதல் சனிக்கிழமையே இரண்டு மணிக்கு, லேப்டாப்பில். இதை விட்டால் அந்தப் பதவி வெளியாளுக்குப் போய்விடும்.

"ஏங்க, ரெண்டு மணிக்கு மேல மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க. வேற ஒண்ணுமே வேணாம்."

"அலாமாக்! இன்னிக்கு நீ மகாராணிலா. ரூம்ல போய்க் கால நீட்டி உக்காரு!"

தலைவர் தேர்ந்தெடுத்த உணவு 'மிசிர் வொட்'. சிவப்புப் பருப்பைக் காரசாரமாகக் குழைய வேகவைக்கும் எத்தியோப்பியக் குழம்பு. சாதாரண டால் செய்து விடுதலை வாங்கிக் கொடுப்பது எங்கள் தகுதிக்குக் குறைவு.

மகாராணி கால் நீட்டிய மறுநிமிடம் முதல் அழைப்பு போனது.

"லோகே, பருப்பு எந்த டின்னுல?"

எடுத்துக் கொடுத்தார். லாரன்ஸ் ஒரு வெங்காயத்தை நறுக்கிவிட்டு, கண்ணீர் வழிய பால்கனிக்குப் போய்விட்டார். மனிதாபிமான அடிப்படையில் மிச்சத்தை லோகேஸ்வரி நறுக்கினார். 'பெர்பெரே' என்கிற மசாலாவைத் தேடி லிட்டில் இந்தியா கடைத்தெருவையே சல்லடை போட்டும் கிடைக்கவில்லை என்றோம். என்னென்ன சேரும் என்று கேட்டார். காய்ந்த மிளகாய், வெந்தயம், ஏலக்காய், கிராம்பு. எல்லாம் அவர் அலமாரியிலேயே இருந்தன. வறுத்து அரைத்துக் கொடுத்தார். குகன் அதைக் 'கண்டுபிடித்தார்'.

"லோகே, வெங்காயத்த எண்ணெ இல்லாம கிண்டிக்கிட்டே இருக்கணுமாம். நீ கொஞ்சம் கிண்டு, நான் மிச்ச வீடியோவப் பாத்துர்றேன்."

"நான் படிக்கணுங்க..."

"கிண்டிக்கிட்டே படிலா. கைக்குத்தானே வேலை?"

தொட்டுக்கொள்ள அங்கே 'இன்ஜெரா' என்ற புளித்த மாவு ரொட்டி வேண்டுமாம். வீட்டில் தோசை மாவு இருந்தது. யார் அரைத்தது என்ற கேள்வி கூட்டத்தில் எழவில்லை. யார் சுட்டது என்பதும் எழவில்லை.

இரண்டு மணிக்கு லோகேஸ்வரி, நேர்காணலுக்காக உடுத்திய பாஜு குரோங்கின் கையில் மஞ்சள் கறையோடு, அறைக்குள் ஓடினார். கதவுத் தாழ்ப்பாள் போன வருடமே கழன்றுவிட்டது. அதைச் சரிசெய்வது குகனின் 'பரிசீலனையில்' இருந்தது.

நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். குழம்பு, சும்மா சொல்லக்கூடாது, அமிர்தம்!

"தலைவரே, உங்க கைப்பக்குவமே தனிலா," என்றார் லாரன்ஸ்.

குகன் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார். பிறகு கைப்பேசியைப் பார்த்து அறிவித்தார்: "எத்தியோப்பியாவுல 'குர்ஷா'ன்னு ஒரு வழக்கம் இருக்கு. பாசம் உள்ளவங்களுக்கு நம்ம கையாலேயே ஊட்டணும். ஊட்டுற உருண்டை எவ்வளவு பெருசோ பாசம் அவ்வளவு பெருசாம்."

ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொண்டோம். எனக்குத் தொண்டை அடைத்தது. பாதி உணர்ச்சி, பாதி தோசை.

"அண்ணிக்கு?" என்றார் லாரன்ஸ்.

குகனின் கண் கலங்கியது. "அதானே! இவ்வளவு பாடுபட்டு அவளுக்கு ஓய்வு குடுத்துட்டு, ஒரு வாய் ஊட்டலன்னா எப்படி?"

தோசையில் பருப்பை அள்ளி, லட்டு அளவுக்கு உருட்டி, ஊர்வலமாகப் போனோம். திரையில் ஷாஹிரா என்ற பெண் அதிகாரி ('புவான்' என்றுதான் மரியாதையாக அழைக்க வேண்டும்) மலாயில் கேட்டுக்கொண்டிருந்தார்: "ஒத்தாசை செய்வதாகச் சொல்லிக்கொண்டு, உங்கள் தலையிலேயே வேலையைக் கட்டும் ஆட்களை எப்படிச் சமாளிப்பீர்கள்?"

பதில் சொல்ல லோகேஸ்வரி வாயைத் திறந்தார். குகன் அந்த வாய்ப்பை நழுவவிடவில்லை.

நாங்கள் கைதட்டினோம்.

லோகேஸ்வரியின் கண்ணில் நீர் வந்துவிட்டது. காரம் என்றுதான் நினைத்தேன். லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார். விரலில் குழம்பு சொட்ட நாங்கள் மூவரும், எங்களுக்குப் பின்னால் கழுவப்படாத சட்டிகளும் நேர்காணலில் கலந்துகொண்டோம். குகன் கையசைத்தார்.

லோகேஸ்வரி மென்று விழுங்கிவிட்டு மலாயில் சொன்னார். தமிழில் தருகிறேன்.

"இன்னிக்கு எனக்கு ஓய்வு நாள், புவான்."

ஷாஹிரா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அப்புறம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சூப்பர்வைசரா எப்ப சேர்றீங்க?"

"திங்கக்கிழமையே வர்றேன் புவான். எந்த ஷிப்டு குடுத்தாலும் சரி. சனிக்கிழமை மட்டும் எனக்கு லீவு குடுத்துடாதீங்க."