புது மின்னல் எப்படி இருக்கும்?

கைப்பேசி திடீரென்று அலறியதில் பல்செட்காரரின் கையிலிருந்த கடைவாய்ப்பல் நழுவி, பிளாஸ்டர் கிண்ணத்துக்குள் விழுந்து மறைந்தது.

'மின்னல்' கார் ரசிகர் மன்றத்தின் குழுவில்தான் அத்தனை அமளி. அரசாங்கக் கார் கம்பெனி, புது மின்னலின் அறிமுக விழாவை மறுபடியும் தள்ளிவைத்துவிட்டது. காரணம் சொல்லவில்லை. வேறு தேதியும் சொல்லவில்லை. 'விரைவில்' என்று ஒரே ஒரு சொல். அதுவும் போன தடவை போட்ட அதே எழுத்தில், அதே நிறத்தில்.

"நான் மன்றத்தை விட்டு விலகுகிறேன். வெளிநாட்டுக் கார் குழுவில் இடம் இருக்கிறதாம்" என்று நீச்சல் பயிற்சியாளர் எழுதியிருந்தார். அவருக்குக் கீழே வரிசையாகப் பலர் கைகூப்பி விடைபெற்றுக்கொண்டிருந்தார்கள்.

பல்செட்காரர் கிண்ணத்தில் விழுந்த பல்லை மறந்தே போனார். பகலெல்லாம் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, முகம் தெரியாத வாய்களுக்குப் பல் கட்டுகிறவர் அவர். பெயர் டாக்டர்களுக்குப் போய்விடும். இந்த உலகத்தில் அவரை 'தலைவரே' என்று கூப்பிட்ட ஒரே இடம் அந்த மன்றம்தான். மன்றத்தில் யாரிடமும் மின்னல் கார் கிடையாது என்பது வேறு விஷயம். வங்கிக் காசாளரிடம் மட்டும் பழைய மின்னலின் இடதுபக்கக் கதவு ஒன்று இருந்தது. அதைக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தார்.

அந்தக் காசாளரே கூப்பிட்டார்.

"தலைவரே, பாதிப்பேர் மூட்டையைக் கட்டிட்டாங்க. ஏதாவது சொல்லி நிறுத்துங்க."

"நான் என்னத்தைச் சொல்ல?"

"உங்க மச்சான் அந்தக் கம்பெனிலதானே வேலை பார்க்கறாரு?"

"பார்க்கறான்."

மனைவியின் தம்பி அங்கே பண்டகசாலையில் இருந்தான். தொழிலாளர்களுக்குக் கையுறையும் சோப்பும் எடுத்துக் கொடுக்கிற வேலை.

"அப்ப புது வண்டியைப் பார்த்திருப்பாரே?"

இல்லை என்று சொல்லத்தான் பல்செட்காரர் வாயைத் திறந்தார்.

"பார்த்திருக்கான்" என்று வந்துவிட்டது.

போனவர்கள் எல்லாரும் அன்று மாலைக்குள் திரும்பி வந்தார்கள். நீச்சல் பயிற்சியாளர், தான் விலகுவதாக எழுதியது கைதவறி நடந்தது என்றார். ஆனால், வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. வண்டி எப்படி இருக்கிறது, விளக்கு வட்டமா நீளமா, மூக்கு கூர்மையா மழுங்கலா என்று துளைத்தெடுத்தார்கள். கடைசியில் காசாளர் பொறுமை இழந்தார்.

"ஒரு படம் போட்டா எல்லாத்துக்கும் முற்றுப்புள்ளி தலைவரே. மங்கலா இருந்தாலும் பரவாயில்ல."

மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை என்ற அந்தச் சலுகைதான் பல்செட்காரரைக் கெடுத்தது.

மறுநாள் காலையில் மனைவி வேலைக்குக் கிளம்பியதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, பல்செட்டுக்கு அச்சு எடுக்கிற இளஞ்சிவப்பு மெழுகை இளக்கினார். கத்தியால் செதுக்கி, விரலால் நீவி, மூக்கு, கண், கன்னம் என்று ஒரு காரின் முகத்தைக் கொண்டுவந்தார். என்ஜினுக்குக் காற்றுப் போகிற முன்கம்பிக்கு எதை வைப்பது என்று புரியவில்லை. கைக்கெட்டிய தூரத்தில் பல்தான் இருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்காக எடுத்து வைத்திருந்த மேல்வரிசையை அப்படியே பதித்தார்.

கார் அவரைப் பார்த்துச் சிரித்தது.

கறுப்புத் துணியைச் சுற்றி, ஜன்னல் வெளிச்சத்தைக் குறைத்து, கையை வேண்டுமென்றே ஆட்டிப் படம் பிடித்தார். 'உள்ளிருந்து கிடைத்தது. யாருக்கும் அனுப்பாதீர்கள்' என்று எழுதிக் குழுவில் போட்டார்.

யாருக்கும் அனுப்பாதே என்று சொன்னால் எல்லாருக்கும் அனுப்புகிற காலம் இது. வார இறுதிக்குள் அந்தப் படம் செய்தித்தாளில் வந்துவிட்டது. 'கோபமும் கம்பீரமும் கலந்த புதிய முகம்' என்று மோட்டார் நிபுணர் ஒருவர் கட்டுரையே எழுதினார். பல்வரிசையை, வேட்டைக்குத் தயாராகும் விலங்கின் வாய் என்று வர்ணித்திருந்தார். மன்றத்தில் ஆட்கள் வந்து குவிந்தார்கள். தெருவில் போகும்போது முன்பின் தெரியாத ஒருவன் வண்டியை நிறுத்தி, "வணக்கம் தலைவரே" என்றான். பல்செட்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மைத்துனன் கூப்பிடும்வரைதான் அந்தச் சுகம்.

"மாமா, என்ன காரியம் பண்ணி வெச்சீங்க? பெரிய அதிகாரி கூப்பிட்டு விசாரிக்கறாங்க."

"யாரை?"

"என்னைத்தான். படம் என் மூலமாத்தான் வந்துச்சுன்னு உங்க குழுவுல யாரோ எழுதியிருக்காங்களாம்."

"நீதான் எதையும் பார்க்கலயே மாப்ளே. அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். சோப்பு கொடுக்கறவன் எல்லா இடத்துக்கும் போவானேன்னு கேக்கறாங்க."

பல்செட்காரர் போனை வைத்தார். தடயத்தை முதலில் அழிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. மெழுகுக் காரைத் தூக்கிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். மின்னல் ஒரு தரம் சிரித்துவிட்டு இளஞ்சிவப்புக் குழம்பாகிப் போனது. பல்லைப் பொறுக்கிக் கழுவி, நீதிபதியின் செட்டில் பொருத்தி, அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பிவிட்டார்.

அடுத்து, குழுவிலிருந்த படத்தை நீக்கினார்.

அதுதான் தப்பாகப் போயிற்று. "நீக்கிட்டாருன்னா அசல் படம்தான்" என்று மருந்துக்கடைக்காரர் எழுதினார். அதுவரை நம்பாதவர்களும் நம்பிவிட்டார்கள். சேமித்து வைத்திருந்தவர்கள் இன்னும் வேகமாகப் பரப்பினார்கள்.

'அது வெறும் மெழுகு பொம்மை, நானே செய்தது' என்று உண்மையை எழுதிப் பார்த்தார்.

காசாளர் போன் செய்து அழுகிற குரலில் பேசினார். "தலைவரே, மிரட்டிட்டாங்களா?"

"யாரும் மிரட்டல. நிசமாவே மெழுகு."

"புரியுது தலைவரே. பக்கத்துல ஆள் நிக்கறாங்க, உங்களால பேச முடியல. நாங்க பார்த்துக்கறோம்."

அவர்கள் பார்த்துக்கொண்ட அழகு மறுநாள் தெரிந்தது. மன்றத்தார் திரண்டுபோய்க் கம்பெனி வாசலில் நின்று, 'படம் தந்த தம்பியைத் தொடாதே' என்று அட்டை பிடித்தார்கள். அந்தத் தம்பியின் படத்தையும் பெரிதாக்கிப் பிடித்திருந்தார்கள்.

மனைவி செய்தித்தாளை அவர் மடியில் போட்டாள்.

"என் தம்பிக்கு வேலை நிரந்தரமாகி முழுசா ஒரு மழைக்காலம்கூட ஆகல. நீங்க அவனுக்கு அட்டையெல்லாம் பிடிக்க வெச்சிட்டீங்க."

"நான் பிடிக்கச் சொல்லல."

"வேலையே இல்லாம அவன் இங்க வந்து உட்கார்ந்தா, நீங்கதான் பல்லு கட்டக் கத்துக்கொடுக்கணும். அவன் ஆணி அடிச்சாலே விரல்லதான் படும்."

"நானே போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"சொன்னா நம்புவாங்களா? அந்தப் பொம்மையைக் கையோட எடுத்துட்டுப் போங்க."

பல்செட்காரர் சுவரைப் பார்த்தார். "அதைக் கொதிக்க வெச்சுட்டேன்."

"அந்தப் பல்லாவது இருக்கா?"

"நீதிபதி வாயில இருக்கு."

மனைவி செய்தித்தாளை எடுத்து மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வாரங்கள் இழுத்தன. மைத்துனனைப் பண்டகசாலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தினமும் அதிகாரியின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். கூப்பிடும்போது உள்ளே போக வேண்டும்.

"என்னடா கேக்கறாங்க?" என்று பல்செட்காரர் போனில் விசாரித்தார்.

"ஒரே கேள்விதான் மாமா. வேற படம் இருக்கா, வேற படம் இருக்கான்னு. எவ்வளவு வெளிய போயிருக்குன்னு கணக்கெடுக்கறாங்க போல."

பல்செட்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முன்னறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் உள்ளே ஓடினார். ஒரு பாட்டிக்கு வேண்டிய செட்டில் கீழ்வரிசையை மேலே கட்டி, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அரசாங்கக் கம்பெனி என்றால் அரசாங்க ரகசியம். அரசாங்க ரகசியம் என்றால் கம்பி எண்ண வேண்டும். மன்றத்தில் மட்டும் அவர் புகழ் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. அதைத் திறந்து பார்க்கவே பயமாக இருந்தது.

ஒருநாள் காலை, வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது.

இறங்கியவர்களில் முதலில் வந்தவர் பெரிய அதிகாரி. கழுத்துப் பட்டையைத் தளர்த்தியிருந்தார். பின்னால் தோல்பை ஒன்றை அணைத்துக்கொண்டு ஒரு சின்ன அதிகாரி. கடைசியாக மைத்துனன், உரித்த கோழி மாதிரி ஒடுங்கிப்போய் வந்தான்.

மனைவி தம்பியின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். "என்னங்க, வாயை மூடிக்கிட்டு நிக்காதீங்க. சொல்லுங்க."

பெரிய அதிகாரி முந்திக்கொண்டார். "படம் போட்டது நீங்கதானே?"

"நான்தான்."

"அந்த ஒரு படம்தானா? வேற இல்லயா?"

"வேற இல்ல சார்."

"வண்டியைச் சுத்தி வந்து எடுத்திருப்பீங்களே. பக்கவாட்டுல, பின்னால?"

"சத்தியமா இல்ல சார்."

"வேற யார்கிட்டயாவது இருக்குமா?"

பல்செட்காரர் மைத்துனனின் முகத்தைப் பார்த்தார். மன்றம் போனால் போகட்டும், தலைவர் பட்டமும் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

"சார், வண்டியே இல்ல சார். இவன் எதையும் பார்க்கல, எதையும் கொடுக்கல. நான்தான் பெருமைக்காகப் பொய் சொன்னேன். மெழுகுல நானே செஞ்சேன். அந்த முன்கம்பி, பல்லு சார். மேல்வரிசைப் பல்லு."

பெரிய அதிகாரி ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்று சொல்லலாம்.

"பல்லா?"

"நம்பலயா? இருங்க, கண்ணுக்கு முன்னாடியே செஞ்சு காட்டறேன்."

பல்செட்காரர் விளக்கை ஏற்றினார். மெழுகைத் தொட்டதும் விரல்கள் பயத்தை மறந்தன. மூக்கு வந்தது, கன்னம் வந்தது. குனிந்து சீவும்போதுதான் கவனித்தார், சின்ன அதிகாரி எட்டி நின்று பார்க்கவில்லை; மேஜையில் முகத்தை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். கைக்குக் கிடைத்த ஒரு மேல்வரிசையை எடுத்து அழுத்தியதும், அதே கார் அதே சிரிப்பைச் சிரித்தது.

பல்செட்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"போதுமா சார்? இதுல ரகசியமும் இல்ல, திருட்டும் இல்ல. என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க. எங்க மாப்ளையை மட்டும் வேலையில வெச்சுக்குங்க."

பெரிய அதிகாரி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

வந்ததிலிருந்து பேசாத சின்ன அதிகாரிதான், பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டே மெல்லச் சொன்னார்:

"நிறுத்திடாதீங்க சார், அப்படியே பின்பக்கத்தையும் செஞ்சு கொடுத்துடுங்க. எங்க கைக்கு டிசைனே வரல; மேலிடத்து டிசைன்தான் கசிஞ்சிருக்குன்னு நம்பி, உங்க படத்தைப் பார்த்தே வண்டியில பாதியை முடிச்சுட்டோம்."