டுர்ர் பாய் பழக்கிய பிளாக்

புனாவில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பெயர் வாங்கியவர்கள் எத்தனையோ பேர். தள்ளியே பெயர் வாங்கியவர் டுர்ர் பாய் ஒருவர்தான்.

அறுபதுகளில் போபோடி சந்தில் என் பக்கத்து வீட்டுக்காரர். திருநெல்வேலிப் பக்கம், குடைக்கடை வைத்திருந்தார். கடைக்கு நடந்து போகும்போதே வாயால் 'டுர்ர்' என்று கியர் மாற்றுவார், முனை திரும்பினால் உடம்பைச் சாய்ப்பார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே நடக்கும் பந்தயத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போவார்; தள்ளிக்கொண்டு வருவார். ஒரு வாரம் செயின் அறும், ஒரு வாரம் பிளக் புகையும், ஒரு வாரம் பெட்ரோலே போட்டிருக்க மாட்டார்.

அவர் மனைவி ஆமினா அக்கா ஒருநாள் தீர்த்துச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவ தள்ளிக்கிட்டு வந்தீங்கன்னா வண்டிய வித்துரணும். இருக்கது ஒரு ரூம்பு. அதுல பாதியில இது படுத்திருக்கு."

பாய்க்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு பிளாக்குகளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிளாக் என்றால் பிஸ்டன் ஏறி இறங்கும் இரும்புக் கூடு. ஒன்று வண்டியோடு வந்த கம்பெனி பிளாக். இதுவரை காலை வாராதது. மற்றது வார்ப்படப் பட்டறையில் சொல்லிச் செய்த வெளி பிளாக். துவாரம் பெரிது, வேகம் அதிகம். சந்தே இரண்டு கட்சியானது. பால்காரர்கூட சைக்கிளை விட்டு இறங்காமலே "கம்பெனிசாச் லாவ்!", கம்பெனி பிளாக்கையே மாட்டு என்று மராத்தியில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

நானும் கம்பெனி கட்சிதான். "மெதுவாப் போனாலும் வீடு வந்து சேரும் பாய்."

"பத்திரமா வீட்டுக்கு வரணும்னா வீட்டுலயே இருந்துர மாட்டனா? எதுக்குவே ரேஸு?"

மறுநாள் காலையில் ஒரே வெங்காய நெடி. எட்டிப் பார்த்தால், வெளி பிளாக்கை அரிசிக் கஞ்சியில் ஊறப்போட்டு, அடுப்பில் காய்ச்சி, நல்லெண்ணெய் விட்டுப் பாதி வெங்காயத்தால் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

"பாய், அது எஞ்சின்!"

"இரும்புதானவே? புதுக் கல்லப் பழக்காம தோசை சுடுவீரோ?"

ஞாயிறன்று சந்தே திரண்டு போனது. ஆமினா அக்காவும் முதல் தடவையாக வந்தார். முதல் சுற்றில், நம்பினால் நம்புங்கள், பாய்தான் முதல்! அவர் பின்னாலேயே வெங்காயம் வதங்கும் வாசனை. ரோட்டோரம் நின்றவர்களுக்கெல்லாம் பசி வந்துவிட்டது. இரண்டாவது சுற்றில் எல்லோரும் வந்தார்கள்; பாய் வரவில்லை. பிஸ்டன் பிளாக்கை இறுகக் கவ்விக்கொண்டு அசைய மறுத்துவிட்டதாம்.

கடைசியில் தள்ளிக்கொண்டு வந்தார். மனைவி முன்னால் நின்றவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"வித்துரலாம் ஆமினா."

அக்கா வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "மொத சுத்துல முன்னால வந்தது நீங்கதானே?"

"ஆமா."

"அம்புட்டு பேரும் பாத்தாங்கல்ல?"

"பாத்தாங்க."

"பொறவு எதுக்கு விக்கணும்? ஹேண்டில நேராப் புடிங்க." பின்பக்கம் கைகொடுத்துத் தள்ள ஆரம்பித்துவிட்டார்.

நானும் ஒரு கை கொடுத்தேன். அந்த மனிதருக்காக இன்னொரு தடவை வண்டி தள்ளக் கிடைக்குமென்றால், இந்த வயதிலும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.